கோர்ச்சின்ஸ்கியை விற்றுவிடாதீர்கள்: பிளாக்ஹாக்ஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

செப்டம்பர் 2025

சிகாகோ பிளாக்ஹாக்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் ஜெனரல் மேனேஜர் கைல் டேவிட்சன் அவர்களுக்கும் தலைமைப் பயிற்சியாளர் ஜெஃப் பிளாஷில் அவர்களுக்கும்,

வணக்கம்.

பயிற்சி முகாம் நெருங்கிவிட்டது. இளம் டிஃபென்ஸ்மேன் (தடுப்பாட்டக்காரர்) கெவின் கோர்ச்சின்ஸ்கிக்கு இந்த ஆண்டு அணியில் இடம் உண்டா, இல்லை அவரைக் கொடுத்துவிட்டு ஒரு நல்ல ஃபார்வர்டை (தாக்குதல் ஆட்டக்காரரை) வாங்கிவிடலாமா என்ற பேச்சு ரசிகர்கள் நடுவே ஓயவே இல்லை. அவருடைய முதல் ஒப்பந்தம் இந்த சீசனோடு முடிகிறது. அதனால் இந்தக் கேள்வி உங்கள் மேசைக்கும் வந்தே தீரும். அவரை விற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல். 21 வயது டிஃபென்ஸ்மேனை எதை வைத்து எடை போடுகிறோம் என்பதில் நம் அணி ஏற்கனவே ரொம்பப் பட்டிருக்கிறது.

அவர் வந்த கதையிலிருந்தே பாரம் தொடங்குகிறது. 2022 ஜூலை 7, மான்ட்ரியல் டிராஃப்ட், அதாவது அணிகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நாள். இரண்டு சீசன்களில் தலா 41 கோல் போட்ட அலெக்ஸ் டிப்ரின்கட்டை ஒட்டாவாவுக்கு அனுப்பினீர்கள். பதிலுக்குக் கைக்கு வந்த 7-வது தேர்வில் எடுத்த பையன் இவர். அணியை அடியோடு கலைத்துப் புதிதாகக் கட்டப்போகிறீர்கள் என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் உறைத்தது. டிப்ரின்கட்டை இழந்த கோபத்தை ரசிகர்கள் உங்கள் மேல் காட்டியதைவிட இந்தப் பையன் மேல்தான் அதிகம் காட்டினார்கள். அவர் ஒரு பாஸ் தவறவிட்டால் போதும், இதுக்காகவா டிப்ரின்கட்டைக் கொடுத்தோம் என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

அடுத்த ஆண்டு அவர் சியாட்டில் தண்டர்பேர்ட்ஸ் என்ற ஜூனியர் அணிக்கு 54 ஆட்டங்களில் 73 புள்ளிகள் (போட்ட கோலும் போட உதவிய கோலும் சேர்ந்த கணக்கு) எடுத்தார், அந்த அணி 2023-இல் கனடிய ஜூனியர் லீக்குகளில் ஒன்றான டபிள்யூ.எச்.எல். கோப்பையை வென்றது. ஜூனியர் மட்டத்தில் அவர் கற்றுக்கொள்ள இனி பெரிதாக ஒன்றும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் 19 வயதில் அவருக்கு இரண்டே வழிகள். கனடிய ஜூனியர் லீக்குகளோடு முதன்மை லீக்கான என்.எச்.எல். செய்துகொண்டிருந்த ஒப்பந்தப்படி, அங்கிருந்து எடுக்கப்பட்ட 19 வயதுப் பையனை முழு சீசனுக்கு அடுத்த கீழ்ப்படியான ஏ.எச்.எல்.லுக்கு அப்போது அனுப்ப முடியாமல் இருந்தது. ஒன்று பழைய இடத்துக்கே திரும்பிப் போக வேண்டியிருந்தது, இல்லை நேராக என்.எச்.எல்.லில் இறங்க வேண்டியிருந்தது. நடுப்படி இல்லாத ஏணி. அவருக்கு உண்மையில் தேவைப்பட்ட, நம் ஏ.எச்.எல். அணி இருக்கும் ராக்ஃபோர்டுக்கு மட்டும் அப்போது கதவு மூடியிருந்தது.

நீங்கள் என்.எச்.எல்.லைத் தேர்ந்தெடுத்தீர்கள். 76 ஆட்டங்கள், 15 புள்ளிகள், மைனஸ் 39. அந்த மைனஸ் 39 இன்றுவரை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்த எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். பிளஸ்-மைனஸ் என்பது ஒருவர் ஐஸில் இருக்கும்போது விழும் கோல்களின் கணக்கு: தன் அணி போட்டால் பிளஸ், வாங்கினால் மைனஸ். எதிரணியில் ஓர் ஆள் தண்டனையில் வெளியே இருக்கும்போது போடும் பவர் பிளே கோல்கள் அதில் சேராது, மற்றபடி யார் தவறு என்று அது பார்ப்பதில்லை. அந்த ஆண்டு நம் அணி 82 ஆட்டங்களில் வென்றது 23. அதே சீசனில் கானர் பெடார்ட் மைனஸ் 44, அவருக்குத்தான் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருது கிடைத்தது. பெடார்டின் மைனஸுக்கு அணியைக் காரணம் சொல்லிவிட்டு, கோர்ச்சின்ஸ்கியின் மைனஸை மட்டும் அவர் குணமாக எழுதுவது என்ன நியாயம்? அவர் தவறே செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. நிறையச் செய்தார். ஆனால் 19 வயதுப் பையன், தோற்றுக்கொண்டே இருக்கும் அணியில், உலகத்தின் மிகக் கடினமான லீக்கில் செய்த தவறுகள் அவை.

அதே டிராஃப்டில் 25-வது இடத்தில் நீங்கள் எடுத்த சாம் ரின்செலைப் பாருங்கள். அவர் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டுகள் ஆடிவிட்டு, 20 வயதில், 2025 மார்ச் கடைசியில்தான் வந்தார். 9 ஆட்டங்களில் 5 புள்ளிகள். இன்று எல்லோருக்கும் அவர் செல்லப்பிள்ளை. மகிழ்ச்சிதான், நல்ல ஆட்டக்காரர். ஆனால் அவர் 19 வயதில் செய்த தவறுகளை நம் அரங்கமான யுனைடெட் சென்டரில் யாரும் பார்க்கவில்லை. கோர்ச்சின்ஸ்கியின் தவறுகள் மட்டும் 76 இரவுகள் தொலைக்காட்சியில் ஓடின. ஒரே கோடையில் எடுத்த இரண்டு பையன்களை ஒப்பிடும்போது இதை மனதில் வைக்க வேண்டாமா?

சரி, எதைத்தான் பார்ப்பது? நான் பார்ப்பது ஒரே ஒரு வேலையை. எதிரணி பக்கை (ஆட்டத்தின் ரப்பர் வட்டை) நம் பின்மூலைக்குத் தட்டிவிடுகிறது. டிஃபென்ஸ்மேன் திரும்பி, ஆட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி சறுக்கிப் போய் அதை எடுக்க வேண்டும். பின்னால் ஓர் ஆள் முழு வேகத்தில் வருகிறான். பக்கைத் தொடுவதற்கு முன் அவர் எத்தனை தடவை தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டு தடவை பார்த்தவருக்கு, பக் கைக்கு வரும்போதே அதை எங்கே அனுப்புவது என்று தெரிந்திருக்கும். பார்க்காதவர் எடுத்த பிறகு யோசிப்பார். அதற்குள் ஆள் மேலே மோதிவிடும், அவசரத்தில் பலகையோரமாகத் தள்ளிவிடுவார், நீலக்கோட்டில் காத்திருக்கும் எதிரணிக்காரர் அதைப் பிடித்து மறுபடி உள்ளே அனுப்புவார். அரை நிமிடம் கழித்து நம் வலையில் கோல். முதல் சீசனில் கோர்ச்சின்ஸ்கியிடம் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இதைத்தான்.

கடந்த சீசனில் ராக்ஃபோர்டில் கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது அந்தத் தலை திரும்பிக்கொண்டிருந்தது. எல்லாத் தடவையும் இல்லை. ஆனால் திரும்பியபோதெல்லாம் அவருடைய உண்மையான சொத்து வெளியே வந்தது. இரண்டே எட்டில் முதல் ஆளைக் கழற்றிவிட்டு, பக்கோடு தானே நடுமைதானத்தைக் கடந்துவிடுகிறார். இதைக் கற்றுக்கொடுக்க முடியாது. தோளுக்கு மேல் பார்ப்பதைக் கற்றுக்கொடுக்கலாம். கற்றுக்கொடுக்க முடியாததை வைத்திருக்கும் பையனை, கற்றுக்கொள்ளக்கூடியது குறைகிறது என்பதற்காகக் கைவிடுவதா?

டிஃபென்ஸ்மேன்கள் மெதுவாகத்தான் விளைவார்கள். இதற்கு வெளியூர் உதாரணம் தேடவே வேண்டாம். 2002-இல் 54-வதாக எடுக்கப்பட்ட டங்கன் கீத் இரண்டு முழு சீசன்கள் நார்ஃபோக்கில் ஏ.எச்.எல். ஆடிவிட்டு, 22 வயதில்தான் சிகாகோவுக்கு வந்தார். அப்புறம் என்ன நடந்தது என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை: 2010-இலும் 2014-இலும் சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நோரிஸ் விருது, 2015-இல் பிளேஆஃபின் சிறந்த ஆட்டக்காரருக்கான கான் ஸ்மைத், என்.எச்.எல். பட்டமான ஸ்டான்லி கோப்பை மூன்று முறை. கோர்ச்சின்ஸ்கி இன்னொரு கீத் ஆவார் என்று நான் சொல்லவில்லை. கீத் முதல் முறை சிகாகோ சட்டையைப் போட்ட வயதை இவர் இன்னும் எட்டக்கூட இல்லை என்றுதான் சொல்கிறேன்.

பிளாஷில் அவர்களே, இது உங்களுக்கு நன்றாகவே தெரியும். டெட்ராய்ட்டில் நீங்கள் பயிற்சியாளராக இருந்தபோதுதான் மோரிட்ஸ் சைடர் வந்தார். 2019-இல் 6-வதாக எடுக்கப்பட்டவர். ஜெர்மனியிலிருந்து வந்தவர் என்பதால் அந்த ஜூனியர் விதி அவரைக் கட்டவில்லை. ஒரு சீசன் ஏ.எச்.எல்.லில் கிராண்ட் ரேப்பிட்ஸ், ஒரு சீசன் ஸ்வீடன், அதற்குப் பிறகுதான் என்.எச்.எல். முதல் ஆண்டிலேயே 50 புள்ளிகள், கால்டர் விருது. அவரும் மீண்டும் கட்டப்பட்டுக்கொண்டிருந்த அணியில்தான் இறங்கினார். ஆனால் தயாராகி இறங்கினார்.

டேவிட்சன் அவர்களே, உங்களுக்கு முன்பிருந்த நிர்வாகம் செய்ததையும் நினைத்துப் பாருங்கள். ஹென்றி யோகிஹார்யுவை 38 ஆட்டங்கள் மட்டுமே பார்த்துவிட்டு, 20 வயதில் பஃபலோவுக்கு அனுப்பி அலெக்சாண்டர் நைலண்டரை வாங்கினார்கள். நைலண்டர் இங்கே நிலைக்கவில்லை, யோகிஹார்யு பஃபலோவில் பல ஆண்டுகள் ஆடினார். 2021-இல் சேத் ஜோன்ஸுக்காக ஆடம் போக்விஸ்ட்டையும் முதல் சுற்றுத் தேர்வுகளையும் தூக்கிக் கொடுத்தார்கள். போக்விஸ்ட் பெரிதாக வரவில்லை என்பது உண்மை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அவர் என்ன ஆவார் என்று நாம் தெரிந்துகொள்ளும் முன்பே முடிவெடுத்துவிட்டோம். இந்தப் பழக்கத்தை நீங்கள் தொடரக் கூடாது. மூன்று ஆண்டுகள் தோற்றுத் தோற்றுப் பொறுத்திருக்கிறோம். ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறப் பொறுக்க முடியாதா?

இடம் குறைவு என்பது எனக்கும் தெரியும். இடப்பக்கத்தில் அலெக்ஸ் விளாசிக் நீண்ட ஒப்பந்தத்தில் உட்கார்ந்திருக்கிறார், வயாட் கைசர் இருக்கிறார், ஈத்தன் டெல் மாஸ்ட்ரோ கதவைத் தட்டுகிறார். வலப்பக்கம் ரின்செலும் 2024-இல் 2-வதாக எடுத்த லெவ்ஷுனோவும் வந்தபின், பவர் பிளேயில் பக்கை நடத்தும் வேலைக்கும் போட்டி. கோர்ச்சின்ஸ்கி உடம்பால் இன்னும் வலுப்பட வேண்டும். வலைக்கு முன்னால் ஆளைப் பிடித்து நிறுத்துவதில் இன்றும் தடுமாறுகிறார். இதெல்லாம் நிஜமான குறைகள்.

அதனால் அவரை முதல் நாளிலிருந்தே சிகாகோவில் ஆட வையுங்கள் என்று கேட்கவில்லை. ஆறாவது டிஃபென்ஸ்மேனாக இரவுக்குப் பன்னிரண்டு நிமிடம் இறக்கி, ஒரு தப்புக்கு இரண்டு ஆட்டம் உட்கார வைப்பதுதான் அவருக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய கெடுதல். கிறிஸ்துமஸ் வரை ராக்ஃபோர்டில் முதல் ஜோடியில் வைத்திருங்கள். பவர் பிளேயை அவர் கையில் கொடுங்கள். ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு கோல் முன்னிலையைக் காக்கும் வேலையையும் அவருக்கே கொடுங்கள். பின்மூலையில் எடுத்த பக்குகளில் எத்தனை நம் ஆளின் மட்டைக்குப் போய்ச் சேர்ந்தன என்று எண்ணச் சொல்லுங்கள். அந்தக் கணக்கு ஏறினால், ஜனவரியில் மேலே கூப்பிட்டு, கானர் மர்ஃபி போன்ற நிதானமான ஒருவர் பக்கத்தில் சீசன் முடியும்வரை விடுங்கள். மூன்று ஆண்டுகளில் ரிச்சர்ட்சன், சோரன்சன், இப்போது பிளாஷில் என்று மூன்றாவது பயிற்சியாளரைப் பார்க்கிறார் இந்தப் பையன். ஒரே ஆளிடம், ஒரே வேலையில், தொடர்ந்து சில மாதங்கள் இருக்க ஒரு வாய்ப்புக் கொடுங்கள்.

அதற்குப் பிறகும் அந்தத் தலை திரும்பவில்லை என்றால், அடுத்த கோடையில் நீங்கள் எடுக்கும் முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். அதற்கு முன் யாராவது தொலைபேசியில் அவர் பெயரைக் கேட்டால், தயவுசெய்து இல்லை என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு பிளாக்ஹாக்ஸ் ரசிகன்