என் பாட்டுக்குக் காது குடுத்தவியளுக்கு ஒரு நன்றிக் கடுதாசி

அல்லாருக்கும் வணக்கமுங்க. எங்கூரு மாரியம்மன் நோம்பியில கம்பத்தாட்டம் முடிஞ்சு ஜமாப் மேளக்காரங்க டீ குடிக்கப் போன கேப்புல, பாக்ஸுல டக்கு டக்குன்னு தறி ஓடற மாதிரி ஒரு பாட்டு ஓடுச்சே, அது நான் ஊட்டுல உக்காந்து பண்ணுனதுங்க. பசங்க ஆடுனாங்க, ஒரு பெரியவரு "இதென்றா, தறிக் குடோனையே தூக்கிட்டு வந்துட்டானுகளா"ன்னு கேட்டாரு, ரெண்டுமே எனக்கு சந்தோசந்தான். ஆனா மூணு மாசம் முன்னாடி இதே பாட்ட அதே பாக்ஸுல போட்டிருந்தா மானம் போயிருக்கும். போகாம காப்பாத்துனது ஆறேழு பேரு, அதுக்குத்தான் இந்தக் கடுதாசி.

கோயமுத்தூரு ஜில்லா சோமனூரு பக்கம் எங்களுக்கு எட்டு விசைத்தறிங்க. ஒரு நாள் மூணாந்தறிய போன்ல ரெக்கார்டு பண்ணி எண்ணிப் பாத்தா நிமிசத்துக்கு 132 தடவ நாடா (ஊடு நூல இழுத்துட்டு அங்கிட்டும் இங்கிட்டும் ஓடற கட்ட) அடிக்குது. 132ன்னா டெக்னோங்கற டான்ஸ் மியூசிக்குக்கு அளவெடுத்துத் தெச்ச வேகம், பொறவு கை சும்மா இருக்குமா, பாட்டுப் பண்ற சாஃப்ட்வேர் எஃப்எல் ஸ்டுடியோவத் தொறந்து பிபிஎம், அதான் நிமிசத்துக்கு இத்தன பீட்டுங்கறது, 132ன்னு போட்டு நாடா சத்தத்த மேல வெச்சு கீழ ஒரு கிக்கு டிரம்மு, ஒரு பேஸ்லைனு (அடிச் சத்தம்), நடுவால தப்பட்டைன்னு ரெண்டே வாரத்துல முடிச்சுப்போட்டேன். எல்லாச் சத்தத்தையும் அளவாக் கலக்கற மிக்ஸிங்குலதான் சோலியே ஆரம்பிக்குதுன்னு அப்ப ஆரு சொன்னா.

மொதல்ல சவுண்டு சர்வீஸ் அண்ணன். பென்டிரைவ வாங்கி ஒரு கல்யாணத்துல செக்கிங் போடறப்ப ஓட்டிப் பாத்துட்டு, "ஏந்தம்பி, பேஸ ஊட்டுலயே மறந்து வெச்சுட்டு வந்துட்டியா?"ன்னாரு. எனக்கு செம கோவம், ஹெட்போன்ல மண்டைய ஒடைக்குது, இவரு இல்லீங்கறாரேன்னு. அவருதான் ஒரு ஒயர வெச்சு வெளக்குனாரு, அவியெல்லாம் பந்தல்ல லெஃப்டு ரைட்டுன்னு பிரிக்க மாட்டாங்களாம், ரெண்டையும் ஒண்ணாச் சேத்து மோனோவாத்தான் எல்லா பாக்ஸுக்கும் அனுப்புவாங்களாம். நான் பேஸ அகலமாக் காட்டறேன்னு ஸ்டீரியோ வைடனர் போட்டு வெச்சிருந்தேன், அதனால ரெண்டு பக்கமும் எதிரெதிர் ஃபேஸு, ஒரு பக்கத்து அலை ஏறறப்ப மறுபக்கத்து அலை எறங்கும், சேத்தா ஒண்ண ஒண்ணு தின்னுபோடும். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழ எல்லாத்தையும் மோனோ பண்ணுனேன், பேஸ் ஊடு வந்து சேந்துச்சு. அண்ணா, அன்னிக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு வந்ததுக்கு மன்னிச்சுக்கோங்க.

வந்த பேஸு அப்பறம் எச்சாப் போச்சு, அது வேற கத. மாப்ளையோட ஆம்னில போட்டா கதவே கிடுகிடுன்னு ஆடுது, "டேய் என் வண்டிக்கு நீயாடா டிங்கரிங் பண்ணுவ"ன்னு ஆஃப் பண்ணிட்டான். காரணம், நான் ஸ்பீக்கர்ல போட்டு மிக்ஸிங் பண்ற என்ற ரூமு. 10க்கு 10 அடி ரூமு, 10 அடி செவுத்துக்குள்ள 56 ஹெர்ட்ஸ் கிட்ட ஒரு அலை வந்து மாட்டிக்குது, நான் கிக்கு வெச்சிருந்தது 55ல. சதுர ரூமுன்னா நீளத்துலயும் அதே அலை அகலத்துலயும் அதே அலை, மூலைல போய்க் குமியுது, நட்ட நடுவால செத்துப்போகுது, நான் சேரு போட்டு உக்காந்திருந்ததே அந்த நடுவாலதான். எனக்குக் கேக்கலீன்னு ஏத்தி ஏத்தி வெச்சிருக்கறேன். எஞ்சினியரிங் படிக்கற சித்தப்பா பையன் பேப்பர்ல கணக்குப் போட்டுக் காட்டுன பொறவுதான் புரிஞ்சுது. திருப்பூர்ல கட்டிங் மாஸ்டரா இருக்கற மாமன் எட்டு மூட்டை பனியன் வேஸ்ட்டு டெம்போல ஏத்தி அனுப்பி வெச்சாரு, மூலைக்கு ரெண்டா அடுக்குனேன். நெசத்தச் சொல்லோணும்னா 56 ஹெர்ட்ஸ மூட்டையால முழுசா அடக்க முடியாதுங்க, சேர நடுவுல இருந்து தள்ளிப்போட்டதுதான் பாதி வைத்தியம், ஆனா அதுக்கு மேல இருந்த எதிரொலிக் கூச்சலெல்லாம் கப்புன்னு நின்னு போச்சு. அம்முச்சி மட்டும் ரூமுக்குள்ள எலி வந்துரும்னு இன்னும் பேசிட்டிருக்குது.

தப்பட்டை வாசிச்சுக் குடுத்த ஐயாவுக்கு என்ன சொல்றதுன்னே தெரீலைங்க. தோல நெருப்புல காட்டி, தட்டித் தட்டிப் பாத்து, பதம் வந்த பொறவுதான் வாசிச்சாரு. மிக்ஸ் பண்ணுனதக் கேட்டுட்டு ஒரே கேள்வி, "சுண்டுகுச்சி எங்கீங்க தம்பி?" ரிவெர்ப, அதான் எதிரொலி எஃபெக்ட்ட, நான் அள்ளிக் கொட்டுனதுல அடிக்குச்சியோட தும்முதான் கேக்குது, அந்த மெல்லிசுக் குச்சியோட சுரீர்ங்கறது கரைஞ்சே போச்சு. ரிவெர்பக் கொறச்சு, சத்தம் ஏறுனா அமுக்கற கம்ப்ரஸர, அடி விழுந்து 25 மில்லிசெகண்டு கழிச்சு அமுக்கற மாதிரி அட்டாக்கத் தள்ளி வெச்சேன், குச்சி திரும்ப வந்துச்சு. கம்ப்ரஸர்னா என்னன்னே அவருக்குத் தெரியாது, ஆனா அது எதத் தின்னுச்சுன்னு சரியாச் சொன்னாரு.

பெங்களூர்ல இருந்து ராத்திரி போன்லயே சைடுசெயின் சொல்லிக் குடுத்த அண்ணனுக்கும் நெம்ப நன்றி. கிக்கு அடிக்கறப்பெல்லாம் பேஸு தலையக் குனிஞ்சு வழி விடோணும், அடுத்த அரை பீட்டு, அதாவது 227 மில்லிசெகண்டுக்குள்ள நிமிந்துரோணும்னு சொன்னீங்களே, அது அப்படியே மனசுல நின்னுபோச்சு. சத்தத்தக் கூட்டறதுக்கு லிமிட்டர்ல வெச்சு நசுக்காதன்னதும் சரிதாங்க, நாம எவ்வளவு கத்துனாலும் ஸ்பாட்டிஃபைல -14 எல்யூஎஃப்எஸ்ங்கற சத்த அளவுக்கு எறக்கித்தான் விடறாங்க.

கடைசியா அக்கா. எல்லாம் சரியாச்சுன்னு நான் நெனைச்சப்ப, பாட்டக் கேட்டு அரை நிமிசத்துல காதப் பொத்திக்கிச்சு, "ஊசி வெச்சுக் குத்தற மாதிரி இருக்குதுடா"ன்னு. எனக்கோ நல்லாத்தான் இருக்குது. மேல் கீழ் சத்தத்தக் கூட்டிக் கொறைக்கற ஈக்யூவ எடுத்துப் பாத்தா 8000 ஹெர்ட்ஸ்ல 6 டெசிபெல் ஏத்தி வெச்சிருக்கறேன், எப்ப ஏத்துனேன்னே நெனப்பில்ல. நீ எப்ப உக்காந்து இதப் பண்றேன்னு அக்கா கேட்டப்பத்தான் ஒறைச்சுது. குடோன்ல ஷிப்டு முடிச்சு ராத்திரி ஊட்டுக்கு வந்த ஒடனே. 90 டெசிபெலுக்கு மேல கத்தற தறிக்கு நடுவுல எட்டு மணி நேரம் நின்னுட்டு வந்தா காது மரத்துப்போய் மேல் சத்தமெல்லாம், அதான் கீச்சுன்னு இருக்கற சத்தமெல்லாம், மங்கலாத்தான் கேக்கும், அந்த மங்கலுக்குத்தான் நான் ஏத்தி ஏத்தி சரிக்கட்டியிருக்கறேன். அதுல இருந்து காலைல வெடியக் கருக்கல்ல எந்திரிச்சு, குடோனுக்குப் போறதுக்கு முன்னாடி, சத்தத்தக் கொறச்சு வெச்சுத்தான் மிக்ஸிங். காதுக்கு ஃபோம் பிளக்கும் வாங்கியாச்சு. நம்ம பக்கம் தறி ஓட்டற பசங்க பஞ்ச உருட்டி வெக்கறது பத்தாதுங்க, பிளக்கு பத்து இருவது ரூவாதான், தயவுபண்ணி வாங்கிப்போடுங்க.

அப்பாவுக்கு அந்த மேல் சத்தம் இப்ப சுத்தமா வர்றதில்ல, முப்பது வருசத் தறி. பாட்டுல சிக் சிக்குன்னு வர்ற ஹைஹேட்டு கேக்குதாங்கப்பான்னு கேட்டேன், இல்லீன்னுட்டாரு. ஆனா நோம்பியில பாட்டு முடிஞ்சதும் பக்கத்துல வந்து, "அது மூணாந்தறிதான? பிக்கரு தேஞ்சு கெடக்குது பாரு, நாளைக்கு மாத்திப்போடு"ன்னாரு. நாடாவ அடிச்சுத் தள்ளறதுதான் பிக்கரு, மாத்தியாச்சுங்க. பாட்டுல மட்டும் பழைய பிக்கரு அப்படியே இருக்குது, அத எடுக்கறதா இல்ல.

சவுண்டு சர்வீஸ் அண்ணா, உங்க எக்ஸ்டென்ஷன் பாக்ஸு எங்கூட்டுலதான் கெடக்குது, புதங்கெழமை கொண்டாந்து குடுத்தர்றேனுங்க.