88 கட்டைகளும் ஒரு கணக்கு வாத்தியாரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் பியானோ கட்டுரையில், கிரேக்க-பிரெஞ்சு இசையமைப்பாளர் யானிஸ் ஸெனாக்கிஸின் 'ஹெர்மா' என்ற பியானோ படைப்பைப் பற்றி, "கம்ப்யூட்டர் துப்பியதைக் கட்டைகளில் கொட்டிவிட்டார், இதில் மனம் எங்கே?" என்று ஒரு வரி. மூன்று முறை வாசித்தேன். அச்சுப்பிழையாக இருக்கக்கூடாதா என்ற நப்பாசைதான்.

'ஹெர்மா' எழுதப்பட்டது 1961இல். ஐபிஎம் கணினியின் பக்கம் அவர் போனது அதற்குப் பிறகு, வேறு படைப்புகளுக்காக. இதற்குக் கணக்குப் போட்டது கையால்.

முப்பத்தோரு ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்குக் கணிதத்தில் கணங்கள் (sets) நடத்தியவன் நான். பியானோவின் 88 கட்டைகளை அனைத்துக் கணமாக வைத்து, அதிலிருந்து ஏ, பி, சி என மூன்று கணங்களை எடுத்து, ஒவ்வொன்றையும், அதில் சேராத மீதிக் கட்டைகளான அதன் நிரப்பியையும் முதலில் காதில் போட்டுவிட்டு, பிறகுதான் சேர்ப்பு, வெட்டு என்று போகிறார். பின்வரிசைப் பையனுக்கும் புரிகிற சங்கதி. கேட்கும்போது அந்தக் கணங்கள் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்றால், எனக்குத் தெரியவில்லை. அது வேறு வழக்கு. கட்டுரையாளர் அதைத் தொடுத்திருந்தால் நானே சாட்சி சொல்லியிருப்பேன்.

ஓய்வுபெற்ற பின் பியானோ கற்றேன். ஹங்கேரிய இசையமைப்பாளர் லிகெட்டியின் 'தேஸோர்த்ர்' (1985) என்ற பியானோ படைப்பை வாசிக்க ஆசைப்பட்டேன். வலது கைக்கு வெள்ளைக் கட்டைகள், இடது கைக்குக் கறுப்பு. சேர்ந்து புறப்படும் கைகள், ஒன்று அவ்வப்போது ஒரு துடிப்பை விழுங்குவதால் விலகிக்கொண்டே போகும். கால்வாசி வேகத்தில் முதல் பக்கத்துக்கே ஐந்து மாதம். பென்சிலால் எண் போடாமல் ஒரு வரி நகராது. மனம் எங்கே என்பவர் என் மனைவியைக் கேட்கட்டும். ஐந்து மாதமும் வீட்டில் இல்லை என்பார்.

டிசம்பர் கச்சேரி சீசன் வந்தால் "தனி ஆவர்த்தனத்தில் கணக்கு அபாரம்" என்று உங்கள் இதழே பக்கம் பக்கமாக எழுதுகிறது. மிருதங்கத்தில் இனிக்கிற கணக்கு பியானோவில் மட்டும் கசக்குமோ? ஸெனாக்கிஸின் ஆசான், பிரெஞ்சு இசையமைப்பாளர் மெஸ்ஸியான், 'சங்கீத ரத்னாகரம்' எழுதிய நம் சார்ங்கதேவர் பட்டியலிட்ட தாளங்களை எடுத்தாண்டவர். இதை இரண்டு ஆண்டுக்கு முன்பே எழுதினேன். மெஸ்ஸியானை வெட்டிவிட்டு, "இதழ் அருமை" என்ற வரியை மட்டும் போட்டீர்கள். நன்றி.

அடுத்த இதழில் ஏதாவது மூலையில், 'ஹெர்மா'வுக்குக் கணினி பயன்படவில்லை என்று ஒரு வரி போட்டால் போதும். கட்டுரையில் செனாகிஸ், ஜெனாக்ஸ், ஸெனாக்கிஸ் என்று மூவர் வருகிறார்கள். அவர் ஒருவர்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கும்பகோணம்