எந்த வழியாகக் கொடுத்தார்கள் என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'எலிகளிடம் தடுப்பூசி வெற்றி', 'குரங்குகளுக்கு முழுப் பாதுகாப்பு' என்பது போன்ற தலைப்புகளில் உங்கள் நாளிதழில் அவ்வப்போது செய்திகள் வருகின்றன. ஒன்றையும் விடாமல் படிக்கிறேன். மருந்தின் பெயர், ஆய்வு நடந்த நாடு, எத்தனை சதவீதம் பலன் என்பதெல்லாம் இருக்கும். அந்த மருந்தை விலங்கின் உடம்புக்குள் எந்த வழியாகச் செலுத்தினார்கள் என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. தசையிலா, தோலுக்குள்ளா, மூக்கிலா, இரத்தக் குழாயிலா? முப்பது வருடம் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த ஒரு வரி இல்லாத செய்தி எனக்குப் பாதிச் செய்திதான்.

கோழியிலிருந்து தொடங்குகிறேன். ஊரில் வெள்ளைக் கழிச்சல் என்று சொல்லும் ராணிக்கெட் நோய்க்கு, பொரித்து ஒரு வாரம் ஆன குஞ்சின் கண்ணில் ஒரு சொட்டு, மூக்கில் ஒரு சொட்டு மருந்து விடுவோம். உள்ளங்கையில் குஞ்சைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, கட்டைவிரலால் தலையை மெல்ல அணைத்துப் பிடிக்க வேண்டும். சொட்டு விழுந்ததும் கையை எடுத்துவிடக் கூடாது. குஞ்சு இமைக்கும் வரை, சொட்டு உள்ளே இழுபடும் வரை காத்திருக்க வேண்டும். மூக்கில் விடும்போது அடுத்த துளையை விரல் நுனியால் அடைத்தால் ஒரே மூச்சில் உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் எட்டாவது வாரத்தில், இறக்கையில் தோலுக்கடியில் ஊசி.

"குஞ்சிலேயே ஊசியைப் போட்டுவிட்டால் ஒரே வேலையாக முடியுமே டாக்டர்" என்று கேட்காத ஊர் இல்லை. ஊசியில் இருக்கும் கிருமி வகை குஞ்சுக்குத் தாங்காது என்பது ஒரு காரணம். தாய்க்கோழி முட்டை வழியாகக் கொடுத்தனுப்பிய எதிர்ப்பொருள் குஞ்சின் இரத்தத்தில் இருக்கும், ஊசி மருந்தை அது மடக்கிவிடும் என்பது இன்னொன்று. மூன்றாவது காரணம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. நோய் எதிர்ப்புச் செல்கள் கூடியிருக்கும் நிணநீர் முடிச்சுகள் நம்மைப் போலக் கோழிக்குக் கிடையாது. ஆனால் கண்விழிக்குப் பின்னால் ஹார்டேரியன் சுரப்பி என்று ஒன்று இருக்கிறது. எதிர்ப்பொருள் சுரக்கும் செல்கள் அதில் நிறைந்திருக்கும். கண்ணில் விட்ட சொட்டு அதைத் தட்டி எழுப்பியதும், கண்ணீரிலும் மூக்குச் சவ்விலும் எதிர்ப்பொருள் ஊற ஆரம்பிக்கும். கிருமி உள்ளே வருவதும் பெரும்பாலும் கண், மூக்கு, வாய் வழியாகத்தானே. பண்ணைகளில் தோலடியில் போடும் செத்த கிருமி மருந்தோ இரத்தத்தில் எதிர்ப்பொருளை வெகுவாக ஏற்றிவிடும். கோழி சாகாது. ஆனால் மூச்சுக்குழாயின் சவ்வில் அந்தக் காப்பு குறைவு என்பதால், நன்றாக மேய்ந்துகொண்டிருக்கும் கோழியே பக்கத்துக் கோழிக்கு வைரஸைக் கொடுக்க முடியும். இரத்தத்தை மட்டும் எடுத்துச் சோதித்தால் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

வழி தவறினால் என்ன ஆகும் என்பதை வேலைக்குச் சேர்ந்த புதிதில் பார்த்தேன். ஒரு பண்ணையில் இரண்டாயிரம் கோழிகளுக்குக் குடிநீரில் மருந்து கலந்து வைத்தோம். குப்பி புதியது, தேதி சரி, ஐஸ் பெட்டி சரி. கோழிகளைத் தாகத்தில் நிறுத்தியதும் சரி. அன்று காலை தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டிருக்கிறார்கள். நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. குளோரின் பட்டால் உயிருள்ள வைரஸ் நிமிடங்களில் செத்துப்போகும். மூன்றாவது வாரம் கழிச்சல் வந்துவிட்டது. நான் போனபோது பண்ணைக்காரர் செத்த கோழிகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டு வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணிக்கையை என்னிடம் சொல்லவில்லை. அதன் பிறகு எந்தப் பண்ணைக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது தண்ணீரைப் பற்றித்தான்.

நம் மொழியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. 'தடுப்பூசி' என்ற சொல்லுக்குள்ளேயே ஊசி உட்கார்ந்திருக்கிறது. போலியோவுக்கு வாயில் விடுவதைச் சொட்டு மருந்து என்கிறோம். அதுவும் தடுப்பூசிதான் என்று சொன்னால் படித்தவர்களே ஒரு கணம் யோசிக்கிறார்கள். ஊசிதான் இயல்பு, மற்றவை வசதிக்காக என்ற எண்ணம் அப்படி வேரூன்றிவிட்டது. வழி மாறினால் உடம்பு கற்றுக்கொள்ளும் பாடமே மாறிவிடுகிறது என்பது செய்தியில் வராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இதற்கு நான் அறிந்த மிகத் தெளிவான சான்று, 2020 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் வெளியான காசநோய் ஆய்வு. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ராபர்ட் சேடர், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஜோஆன் ஃபிளின் ஆகியோரின் குழுக்கள் ரீசஸ் குரங்குகளுக்கு, காசநோய்க்குப் போடும் தடுப்பு மருந்தான பிசிஜியைப் பல வழிகளில் கொடுத்தன. சில குரங்குகளுக்குத் தோலுக்குள், சிலவற்றுக்கு மூச்சில் இழுக்கும் நுண்துளிகளாக, சிலவற்றுக்கு நேரே இரத்தக் குழாயில். ஆறு மாதம் கழித்துக் காசநோய்க் கிருமியை நுரையீரலில் செலுத்திப் பார்த்தார்கள். இரத்தக் குழாய் வழியாகப் பெற்ற 10 குரங்குகளில் 9 நன்றாகத் தப்பின. அவற்றில் 6 குரங்குகளின் உடம்பில் கிருமியின் சுவடே இல்லை. அதே மருந்தை அதே அளவில் தோலுக்குள் வாங்கியவற்றுக்கு அந்தக் காப்பு கிடைக்கவில்லை. நுரையீரலைக் கழுவி எடுத்த நீரைச் சோதித்ததில், இரத்தக் குழாய் வழியில் பெற்ற குரங்குகளிடம் மட்டும் டி செல்கள் எனும் நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள் மிக அதிகமாகக் குவிந்திருந்தன.

இதில் என்னைத் திருத்திய விஷயம் ஒன்று உண்டு. கோழியில் பழகிய நான், கிருமி நுழையும் வாசலிலேயே மருந்தைக் கொடுப்பதுதான் சரி என்று நம்பியிருந்தேன். அந்தக் கணக்குப்படி மூச்சு வழிதான் ஜெயித்திருக்க வேண்டும். ஜெயிக்கவில்லை. இரத்தத்தில் போன மருந்து நுரையீரல் திசு முழுவதும் பரவி, அங்கேயே தங்கும் காவலை உண்டாக்கியது. ஒரு நோயில் கற்றதை இன்னொரு நோய்க்கு அப்படியே தூக்கிப் போட முடியாது. வழி ஒவ்வொன்றையும் தனியாகச் சோதித்துத்தான் ஆக வேண்டும். குரங்குகளில் இரத்தக் குழாய் வழி மேலானது என்பதற்கான தடயங்கள் 1970-களின் ஆய்வுகளிலேயே இருந்தன. ஐம்பது வருடம் அதை யாரும் பெரிதாகத் திரும்பிப் பார்க்காமல் விட்டது எனக்கு வருத்தம்தான்.

வருத்தத்துக்குக் காரணம் நம் மண்ணிலேயே இருக்கிறது. 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் பிசிஜி சோதனை தொடங்கியது. சுமார் 2,80,000 பேருக்கு பிசிஜி அல்லது வெற்று மருந்து போடப்பட்டது. உலகின் மிகப் பெரிய பிசிஜி சோதனை என்று பெயர் பெற்றது. 15 வருடம் தொடர்ந்து கவனித்தும் பெரியவர்களிடம் பாதுகாப்பு தெரியவில்லை. குழந்தைகளிடம் 27 சதவீதம்தான். அந்தச் சோதனையில் பிரெஞ்சு வகை, டேனிஷ் வகை என இரண்டு வகை மருந்து இருந்தது. இரண்டு அளவுகள் இருந்தன. வழி மட்டும் ஒன்றுதான்: தோலுக்குள். இத்தனைக்கும் 1921-இல் பாரிஸில் முதல் குழந்தைக்கு பிசிஜியை வாய்வழியாகத்தான் கொடுத்தார்கள். தோலுக்குள் போடுவது பின்னால் வந்த ஏற்பாடு. நம்மில் பலருக்கு இடது தோளில் இருக்கும் அந்தச் சிறு தழும்பு, பல வழிகளில் ஒன்றின் அடையாளம். செங்கல்பட்டில் இரத்தக் குழாயில் போட்டிருந்தால் நோய் நின்றிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. உயிருள்ள கிருமியை மனித இரத்தத்தில் நேரே விடுவது, குறிப்பாக எதிர்ப்பு சக்தி குன்றியவர்களுக்கு, ஆபத்தான காரியம். அந்த முடிவை 'பிசிஜி பலிக்கவில்லை' என்று மட்டும் சொல்லாமல், 'தோலுக்குள் போட்ட பிசிஜி பலிக்கவில்லை' என்று சொல்லியிருக்கலாம் என்பதே என் ஆதங்கம்.

மூக்கு வழி மருந்துகளைப் பற்றிய செய்திகளிலும் இதே குறைதான். 2020-இல் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் ஒரே கொரோனா மருந்தை எலிகளுக்குத் தசையிலும் மூக்கிலும் கொடுத்துப் பார்த்தார்கள். தசையில் பெற்றவற்றின் நுரையீரல் தப்பியது, ஆனாலும் வைரஸின் தடயம் தங்கிவிட்டது. மூக்கில் பெற்றவற்றிடம் கிட்டத்தட்டத் தொற்றே இல்லை. பாரத் பயோடெக்கின் மூக்குச் சொட்டு மருந்து இதிலிருந்து வந்ததுதான். 2022 செப்டம்பரில் இந்தியாவில் அனுமதி பெற்றது. அதே 2022 அக்டோபரில் ஆக்ஸ்போர்டு குழு தன் மூக்குத் தெளிப்பு மருந்தின் மனிதச் சோதனை முடிவை வெளியிட்டது. விலங்குகளில் நம்பிக்கை தந்த அந்த மருந்து, மனிதர்களில் சிலருக்கு மட்டுமே மூக்குச் சவ்வில் எதிர்ப்பொருளை உண்டாக்கியது.

ஏன் இப்படி என்று கேட்டால், ஆய்வுக்கூடத்தில் நின்று பார்த்தவர்கள் உடனே ஒன்றைச் சொல்வார்கள். எலிக்கு மூக்கில் மருந்து விடும்போது பெரும்பாலும் அதை மயக்கத்தில் வைத்திருப்பார்கள். விழித்திருக்கும் எலிக்குச் சில மைக்ரோலிட்டர் விட்டால் மூக்கோடு நிற்கும். மயங்கிய எலிக்கு 50 மைக்ரோலிட்டர் விட்டால் மூச்சோடு கீழே இறங்கி நுரையீரலுக்கே போய்விடும். தாளில் இரண்டுமே 'மூக்கு வழி'தான். உட்கார்ந்தபடி ஒரு தெளிப்பு வாங்கிக்கொள்ளும் மனிதருக்கு இதில் எந்த எலியின் கதை பொருந்தும் என்பதை, அளவும் மயக்கமும் தெரியாமல் வாசகர் எப்படிக் கணிப்பார்?

ஆகவே ஒரு வேண்டுகோள். விலங்காய்வுச் செய்தி எதைப் போட்டாலும், எந்த விலங்கு, எந்த வழி, எவ்வளவு மருந்து, பலனை இரத்தத்தில் பார்த்தார்களா அல்லது நோய் தாக்கும் உறுப்பில் பார்த்தார்களா என்பதைக் கேட்டு எழுதுமாறு உங்கள் செய்தியாளர்களிடம் சொல்லுங்கள். ஆய்வுக் கட்டுரையின் செய்முறைப் பகுதியில் இவை எல்லாம் இருக்கும். தேட ஐந்து நிமிடம் ஆகாது. பக்கத்தில் இடம் எவ்வளவு நெருக்கடி என்பதை அறிவேன். 'மயக்கத்தில் இருந்த எலிகளுக்கு மூக்கு வழியாக' என்பது ஐந்தே சொற்கள். அதற்கு மட்டும் இடம் ஒதுக்கித் தாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்,
திருச்சி மாவட்டம்