கீறல் மூடியது சரி, சீரம் இருந்ததா?

ஆசிரியருக்கு,

ஏதோ ஒரு சாறு ‘24 மணி நேரத்தில் காயத்தை மூடியது’ என்று அறிவியல் பக்கங்களில் அடிக்கடி படிக்கிறோம். பெரும்பாலும் அது பிளாஸ்டிக் தட்டில் வளர்த்த செல்களில் செய்த கீறல் சோதனையாகத்தான் இருக்கும்: செல் படலத்தில் ஒரு கோடு கீறி, செல்கள் நகர்ந்து அதை மூடுகின்றனவா என்று பார்ப்பது. செல்களை நகர்த்தியது சாறா, கூடவே ஊற்றிய சீரமா என்ற கேள்வி மட்டும் அந்தச் செய்திகளில் வருவதில்லை.

சீரம் என்பது இரத்தம் உறைந்தபின் மிஞ்சும் நீர். உறையும்போது தட்டணுக்கள் எஸ்1பி என்ற கொழுமியத்தை (கொழுப்பு வகை மூலக்கூறு) கொட்டுகின்றன. எல்பிஏ என்ற இன்னொன்றை ஆட்டோடாக்சின் நொதி வெட்டித் தருகிறது. (எஸ்1பி இரட்டை வேடக்காரன்: அதை வாங்கும் ஏற்பியை, அதாவது செல் பரப்பில் செய்தியைப் பிடிக்கும் புரதத்தைப் பொறுத்து செல்லை ஓட்டும், அல்லது நிறுத்தும்.) வளர்ப்பு ஊடகத்தில் வழக்கம்போல 10 சதவீதம் சீரம் இருந்தாலே இந்தக் கொழுமியங்கள் வழியே செல்களுக்குக் காயச் செய்தி போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதன்மேல் வெறும் தண்ணீரை ஊற்றினாலும் கீறல் மூடத்தான் செய்யும்.

செல்லுக்குள் நடப்பதும் கொழுமிய வேலைதான். ஏற்பி எல்பிஏவைப் பிடித்ததும், சவ்வின் உட்புறத்தில் பிஐ3கே நொதி பிஐபி2 என்ற சவ்வுக் கொழுமியத்தின் 3ஆம் இடத்தில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டி பிஐபி3 ஆக்குகிறது. பிஐபி3 திரண்ட பக்கத்தில் ராக் புரதம் தூண்டப்பட்டு, செல்லின் சட்டகமான ஆக்டின் இழைகள் வளர்ந்து சவ்வைத் தள்ளுகின்றன. அந்தப் பக்கம்தான் செல்லுக்கு முன்பக்கம். ஒட்டிய பாஸ்பேட்டைக் கழற்றுவது பிடென் என்ற நொதி. அது இல்லையென்றால் பல பக்கமும் முன்பக்கமாகி, செல் திசை தடுமாறும்.

சோதனையை ஒழுங்காகச் செய்ய, 24 குழித் தட்டில் செல்கள் இடைவெளியின்றி நிறைந்தபின் ஓர் இரவு சீரமில்லாத ஊடகத்தில் வைக்க வேண்டும். 200 மைக்ரோலிட்டர் பிப்பெட் நுனியால் ஒரே இழுப்பில் கோடு. அழுத்திக் கீறினால் அடியில் பூசிய கொலாஜனும் உரிந்துபோய், செல்லுக்குக் கால் ஊன்ற இடமிருக்காது. உதிர்ந்த செல்களை இரண்டு முறை கழுவி நீக்க வேண்டும். எல்பிஏவை 1 மைக்ரோமோலார் அளவில், கொழுப்பமிலம் நீக்கிய 0.1 சதவீத ஆல்புமின் புரதத்தோடு சேர்க்கலாம். ஆல்புமின் இல்லையென்றால் எல்பிஏ பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். சாதாரண ஆல்புமினோ தானே கொழுமியங்களைச் சுமந்து வரும். ஆல்புமின் மட்டும் சேர்த்த குழி ஒன்று ஒப்பீட்டுக்கு அவசியம். செல்கள் பெருகியே இடைவெளியை நிரப்பக்கூடும் என்பதால், மைட்டோமைசின் மருந்து கொடுத்துப் பிரிவதை முதலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

அடிக்கடி ஏமாற்றுவது வோர்ட்மானின். பிஐ3கேயை அடைக்கத் தரும் இம்மருந்து வளர்ப்பு ஊடகத்தில் சில மணி நேரத்திலேயே சிதைந்துவிடும். மறுநாள் காலை கீறல் மூடியிருப்பதைப் பார்த்து ‘பிஐ3கே தேவையே இல்லை’ என்று எழுதினால், மருந்தின் ஆயுளைத்தான் அளந்திருக்கிறோம்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் கீறல் சோதனை எல்பிஏ திசை காட்டியதா என்று சொல்லாது. தட்டு முழுக்க அது ஒரே அளவில்தானே கரைந்திருக்கிறது! அதற்கு 8 மைக்ரான் துளையுள்ள வடிகட்டிக் கிண்ணம் வேண்டும். செல்களை மேலே இட்டு, ஒரு கிண்ணத்தில் கீழே மட்டும் எல்பிஏ, இன்னொன்றில் மேலும் கீழும் ஒரே அளவு. இரண்டிலும் கீழிறங்கிய செல்கள் சம எண்ணிக்கையென்றால், எல்பிஏ வேகத்தைக் கூட்டியதே தவிர வழிகாட்டவில்லை.

உயிருள்ள திசுவில் கதை இன்னும் நுட்பமானது. வரிக்குதிரை மீன் குஞ்சின் வால் துடுப்பில் 2013, 2016 ஆய்வுகள் காட்டியது இது: வெட்டுப்பட்ட இடத்தில் நன்னீர் புகுந்து செல் வீங்குகிறது, உட்கரு உறை இழுபட்டு விறைக்கிறது, சிபிஎல்ஏ2 நொதி அதில் ஒட்டிக்கொண்டு அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பமிலத்தை வெட்டி விடுகிறது, அந்த அழைப்பில் வெள்ளணுக்கள் வந்து சேர்கின்றன. குஞ்சை உடல்நீருக்கு ஈடான உப்புக் கரைசலில் வைத்து வெட்டினால் அந்த அழைப்பு அடங்கிப்போகிறது. தட்டில் கீறும்போது இந்த நீர் வேறுபாடே கிடையாது.

அடுத்த முறை இத்தகைய செய்தி வந்தால், சீரம் எத்தனை சதவீதம், சாறு சேர்க்காத குழியில் கீறல் எவ்வளவு மூடியது என்ற இரண்டையும் கேட்டு அச்சிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
செல் உயிரியல் துறை வாசகர்கள்