ஆய்வு நெறிமுறைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பல்கலைக்கழக ஆட்சிக் குழுக்களுக்கும் அவற்றின் கீழ் இயங்கும் ஆய்வு நெறிமுறைக் குழுக்களின் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நீங்கள் அனுமதி வழங்கும் முறையைவிட, உங்கள் அனுமதியே தேவையில்லை என்று சில ஆய்வுகளுக்கு விலக்கு அளிக்கும் முறைதான் எனக்குக் கூடுதல் கவலை தருகிறது.

மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், லினக்ஸ் இயங்குதளத்தின் மையநிரலான கெர்னலுக்குள் பிழைகளை மறைத்து நுழைக்க முடியுமா என்றறிய, குறையுள்ள திருத்தங்களை அதன் பராமரிப்பாளர்களுக்குத் தெரியாமல் அனுப்பிப் பார்த்தனர். சோதிக்கப்பட்டது அப்பராமரிப்பாளர்களின் கவனமும் நம்பிக்கையுமே. ஆயினும் அது மனிதர்கள் மீதான ஆய்வன்று எனப் பல்கலைக்கழகக் குழு விலக்களித்தது. 2021 ஏப்ரலில் விவகாரம் வெடித்து, அப்பல்கலைக்கழகத்தின் பங்களிப்புகளையே ஏற்பதில்லை என்று பராமரிப்பாளர்கள் அறிவித்த பிறகுதான் அந்த ஆய்வுக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

ஃபேஸ்புக் 6,89,003 பயனர்களின் செய்தியோடையை மாற்றி அவர்களுடைய மனநிலையைச் சோதித்த ஆய்வு 2014-ல் வெளியானபோதும் இதே கதைதான். தரவைத் திரட்டியது நிறுவனம், அதில் பங்கேற்ற தம் ஆய்வாளருக்குக் கிடைத்தவை முடிவுகள் மட்டுமே, ஆகவே தாம் பரிசீலிக்க வேண்டியதில்லை என்று கார்னெல் பல்கலைக்கழகம் கருதியது. விதியின் எழுத்துப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால், நிறுவனம் செய்வதைப் பல்கலைக்கழகம் கேட்காது, பல்கலைக்கழகத்தின் பெயர் இருப்பதால் வாசகரும் ஐயப்படமாட்டார் என்றால், அந்தப் பயனர்களின் சார்பில் கேள்வி கேட்க யார்தான் எஞ்சுகிறார்கள்?

குழு கூடிப் பரிசீலிப்பதாலேயே தீங்கு தடுக்கப்பட்டுவிடும் என்றும் நான் கூறவில்லை. அமெரிக்காவில் 1932-ல் தொடங்கிய டஸ்கீகி ஆய்வில், பென்சிலின் சிகிச்சை நிலைபெற்ற பின்னரும் மேகநோய் (சிஃபிலிஸ்) கண்ட கறுப்பின ஆண்களுக்கு அது மறுக்கப்பட்டது. அந்த ஆய்வை 1969-ல் ஒரு குழு பரிசீலிக்கவே செய்தது. பெரும்பாலும் மருத்துவர்களே அமர்ந்திருந்த அக்குழு, ஆய்வு தொடரலாம் என்று முடிவெடுத்தது. 1972-ல் செய்தித்தாள்களில் வெளிவந்த பிறகே அது நின்றது.

ஆகவே, விலக்கு கோரும் ஆய்வாளரின் சொந்த விவரிப்பை மட்டும் நம்பி விலக்களிக்க வேண்டாம் என்றும், ஆய்வால் பாதிக்கப்படக்கூடிய தரப்பிலிருந்து ஒருவரையேனும் கேட்ட பின் முடிவெடுங்கள் என்றும் வேண்டுகிறேன். நடந்துகொண்டிருக்கும் ஆய்வுகளைக் கண்காணிக்கும் உரிமை நெறிமுறைக் குழுவுக்கு இருக்க வேண்டும் என்று, மனிதர்கள் மீதான மருத்துவ ஆய்வுகளுக்கான உலகளாவிய நெறிமுறை ஆவணமான ஹெல்சிங்கி பிரகடனம் கூறியிருக்க, ஆண்டுக்கொரு படிவத்தை வாங்கிக் கோப்பில் சேர்ப்பதோடு பல குழுக்கள் நின்றுவிடுகின்றன. படிவங்களைக் கூட்டுவது இதற்குத் தீர்வாகாது. தீங்கற்ற நேர்காணல் ஆய்வுகளை மாதக்கணக்கில் காக்கவைக்கும் வழக்கத்தைக் கைவிட்டாலே, இடர் மிகுந்தவற்றை நேரில் சென்று பார்க்க உங்களுக்கு நேரம் கிடைக்கும். நீங்கள் அளிக்கும் ஒவ்வொரு விலக்கையும், அதற்கான காரணத்தோடு, எவரும் படிக்கும்படி வெளியிடுவதை இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஆய்வுத்துறையில் பணியாற்றும் ஒருவர்