கப்பல்காரர்களின் சம்பளப் பாக்கி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. முட்டிவலி குறைந்ததில் நிம்மதி. இங்கே மருமகள் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். பேத்தியைப் பள்ளியில் விட்டு அழைத்து வருவது என் பொறுப்பு. மிச்ச நேரமெல்லாம் படிப்புதான்.

உன் சேகரிப்பில் புதிதாகச் சேர்ந்த நார்வே போர்ப் பதக்கத்தைப் பற்றியும் படித்தேன். ஏழாம் ஹாகோன் மன்னர் 1941 மே 23 அன்று ஏற்படுத்தியது. நாடு ஜெர்மானியர் பிடியில் இருக்க, அவர் அப்போது லண்டனில் இருந்தார். இதைவிட உயர்ந்த விருது போர்ச் சிலுவை. அதன் நாடாவில் மூன்று வாள் சின்னங்களோடு பெற்றவர் குன்னார் சோன்ஸ்டெபி ஒருவர்தான். ஆஸ்லோவில் தலைமறைவாக நாசவேலை செய்தவர். சரி, அவரைப் பற்றி ஊரெல்லாம் எழுதியாயிற்று. என் மனதில் நின்றவர்கள், உன் போர்ப் பதக்கத்தைப் பெற்ற சரக்குக் கப்பல் மாலுமிகள்.

1940 ஏப்ரலில் நார்வே தாக்கப்பட்டதும், வெளிக்கடலில் இருந்த சுமார் 1,000 கப்பல்களை நோர்ட்ராஷிப் என்ற அரசு நிறுவனம் ஏற்றுக்கொண்டது. பிரிட்டனுக்கு எண்ணெய் சுமந்தவற்றில் கணிசமானவை இவர்களுடையவை. டார்பிடோ பட்டால் எண்ணெய்க் கப்பலில் தப்பிக்க எங்கே வழி? இறந்தவர்கள் 3,000-க்கும் மேல்.

இதில் ஒரு கூத்து. நார்வே மாலுமிகளின் சம்பளம் பிரிட்டிஷ் மாலுமிகளுடையதைவிட அதிகம். தங்கள் ஆட்களும் உயர்வு கேட்பார்களே என்று பிரிட்டன் பயந்தது. அதனால் இவர்கள் சம்பளத்தைக் குறைத்து, வித்தியாசத்தை ஒரு ரகசிய நிதியில் போட்டார்கள். போர் முடிந்ததும் மாலுமிகள் அதைக் கேட்டார்கள், நார்வே அரசு கொடுக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1954-இல் தோற்றது. 1972-இல்தான் நாடாளுமன்றம் இரங்கி, கடலில் இருந்த மாதம் ஒன்றுக்கு 180 குரோனர் கொடுத்தது. அரசு மன்னிப்புக் கேட்டது 2013-இல்! அதைக் காதால் கேட்க எத்தனை பேர் உயிரோடு இருந்திருப்பார்கள்?

"பதக்கம் கொடுத்தார்களே, மரியாதை செய்துவிட்டார்கள்தானே" என்று நீ எழுதியிருந்தாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பலருக்கு அந்தப் பதக்கமே தலை நரைத்த பிறகுதான் வந்தது. அதற்கு முன்பு கொடுத்திருக்க வேண்டியது, உழைத்த கூலியை.

அப்புறம், விற்றவரிடம் பதக்கத்தோடு சான்றிதழ் ஏதும் இருந்ததா என்று கேள். பெயர் கிடைத்தால், போர் மாலுமிகளுக்கென்று நார்வேயில் ஒரு பதிவேடு இருக்கிறது. எந்தக் கப்பலில் போனார் என்று தேடிப் பார்த்துவிடலாம். பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? பதக்கத்தையும் எடுத்து வா.

அன்புடன்,
உன் நண்பன்