நயாகரா டிக்கெட்டும் கேரி கவுண்டரும்

அன்புள்ள மாலதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு இரண்டாவது முழங்காலும் ஆபரேஷன் ஆகி, இப்போது வாக்கர் இல்லாமல் சமையலறை வரை நடக்கிறார் என்று படித்தபோது மனசுக்கு நிம்மதியாக இருந்தது. அவர் கையால் ஒரு வாய் வத்தக்குழம்பு சாப்பிட்டு எத்தனை காலமாகிறது! நான் கேட்டதாகச் சொல்லு.

இங்கே பெரியவன் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறான். நியூ ஜெர்சியில் 16 வயதில் தொடங்க வேண்டுமென்றால் உரிமம் பெற்ற பயிற்சியாளருடன் 6 மணி நேரம் ஓட்டியாக வேண்டும். அதை முடித்துவிட்டான். நம்பர் பிளேட்டில் ஒட்டவேண்டிய சிவப்பு ஸ்டிக்கர்தான் அவனுக்குப் பெரிய மானப் பிரச்சினை. பள்ளிக்கூட வாசலுக்கு முந்தின தெருவிலேயே இறக்கிவிடச் சொல்கிறான். ஓட்டுவது அவன், இறக்கிவிடுவது யார் என்று கேட்டால் பதில் இல்லை.

சரி, உன் லைசன்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். வட கரோலினாவில் உங்கள் ஊர் கேரியில் லைசன்ஸைப் புதுப்பிக்கப் போனபோது, கவுண்டரில் 'நியூயார்க்கில் உங்களுக்குத் தடை இருக்கிறது, அதைத் தீர்த்துவிட்டு வாருங்கள்' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். 'நான் நியூயார்க்கில் குடியிருந்ததே இல்லை, அவர்கள் எப்படி என் லைசன்ஸை நிறுத்தலாம்' என்ற உன் கோபமும் நியாயம்தான். நான் வேலை பார்க்கும் வக்கீல் ஆபீஸில் இதே கேள்வியோடு வருகிறவர்கள் நிறைய. நியூயார்க் உன் லைசன்ஸைத் தொடவில்லை. அது கொடுத்த மாநிலத்தின் சொத்து. ஆனால் தங்கள் எல்லைக்குள் நீ வண்டி ஓட்டும் உரிமையை நிறுத்திவைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அதைத்தான் செய்திருக்கிறார்கள். அந்தத் தடை தேசிய ஓட்டுநர் பதிவேட்டில் ஏறிவிட்டது. நீ புதுப்பிக்கப் போனதும் உன் பெயரையும் பிறந்த தேதியையும் தட்டிப் பார்த்திருப்பார்கள், அது மாட்டிக்கொண்டது.

இந்தப் பதிவேடு 1960இல் வந்தது. அதற்கு முன்பு ஒரு மாநிலத்தில் குடித்துவிட்டு ஓட்டி லைசன்ஸைப் பறிகொடுத்தவர் பக்கத்து மாநிலத்துக்குப் போய் ஒன்றும் தெரியாதவர் போலப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்வாராம். அதை அடைக்கத்தான் இது. 1982இல் சட்டத்தை மாற்றியதிலிருந்து அதில் முழு விவரமும் இருப்பதில்லை. 'இந்த ஆளைப் பற்றி இந்த மாநிலத்தில் கேள்' என்று கைகாட்டுவதோடு சரி. அதனால்தான் கேரி கவுண்டரில் இருந்த அம்மாவிடம் 'என்ன தடை, எவ்வளவு பணம்' என்று கேட்டபோது அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் எரிச்சலாகப் பேசியிருக்கலாம், ஆனால் வேண்டுமென்று மறைக்கவில்லை. போட்ட மாநிலம்தான் தடையை எடுக்க முடியும். வட கரோலினா ஆபீஸில் நீ எத்தனை மணி நேரம் வாதாடினாலும் அவர்கள் கையில் ஒன்றும் இல்லை.

உன் தடைக்குக் காரணம், நயாகரா போகும் வழியில் வேகமாக ஓட்டியதற்குப் போலீஸ் கொடுத்த அந்த அபராத டிக்கெட்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஜெர்சியில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேருக்கு முதல் டிக்கெட் அந்த வழியில்தான் கிடைக்கிறது. ஊரிலிருந்து யாராவது வந்தால் அருவியைக் காட்டாமல் திருப்பி அனுப்ப முடியுமா? அதிகாலையில் புளியோதரையைக் கட்டிக்கொண்டு கிளம்பி, நியூயார்க் மாநிலத்துக்குள் பிங்காம்டன் தாண்டியதும் சாலை காலியாக இருக்கிறதே என்று அழுத்தினால், மேட்டுக்குப் பின்னால் ஒரு போலீஸ் கார் நிற்கும். மணிக்கு 65 மைல் எல்லைக்கு 87 என்று எழுதியிருந்ததாகச் சொன்னாய். அடுத்த மாதமே கேரிக்கு வீடு மாற்றிக்கொண்டு போனீர்கள். டிக்கெட்டுக்குப் பதில் போகவில்லை என்றதும் நியூயார்க் அனுப்பிய எச்சரிக்கை ஜெர்சியில் உன் பழைய எடிசன் முகவரிக்குப் போயிருக்கும். வட கரோலினாவில் நீ முதல் லைசன்ஸ் எடுத்த நாளில் தடை இன்னும் பதிவாகியிருக்காது. அதனால் அன்று எல்லாம் சுமுகமாக முடிந்தது. இப்போது விசா நீட்டிப்பு வந்து, அந்தத் தேதிக்கு ஏற்ப லைசன்ஸைப் புதுப்பிக்கப் போனதும் வெளியே வந்திருக்கிறது. குடியுரிமை உள்ளவர்கள் பல வருடத்துக்கு ஒரு முறை கவுண்டருக்குப் போனால் போதும். நம்மைப் போல எச்1பி வேலை விசாவில் இருப்பவர்கள் ஒவ்வொரு நீட்டிப்புக்கும் போய் நிற்கவேண்டியிருப்பதால் இந்த மாதிரிப் பழைய விஷயம் நமக்கு அடிக்கடி தட்டும்.

இனி முக்கியமான ஒன்று. 'இன்றைக்கே ஆன்லைனில் பணத்தைக் கட்டித் தொலைத்துவிடலாமா' என்று கேட்டிருந்தாய். வேண்டாம், பொறு. பணம் கட்டுவது என்றால் குற்றத்தை ஒப்புக்கொள்வது. 22 மைல் அதிகம் என்றால் அப்போதைய நியூயார்க் கணக்கில் 6 பாயிண்ட், அதாவது ஓட்டுநர் பதிவில் ஏறும் குற்றப் புள்ளி. 18 மாதத்துக்குள் 6 பாயிண்ட் சேர்ந்தால், அபராதத்துக்கு மேல் ஓட்டுநர் பொறுப்புக் கட்டணம் என்று வருடத்துக்கு 100 டாலராக 3 வருடத்துக்கு வசூலிப்பார்கள். வெளிமாநிலத்துக்காரர்களுக்கும் இது உண்டு. இங்கேதான் பலர் இரண்டாம் முறை மாட்டுகிறார்கள். அபராதத்தைக் கட்டிவிட்டுக் கதை முடிந்தது என்று இருப்பார்கள். இந்த 300 டாலர் பில் தனியாக, மறுபடியும் பழைய முகவரிக்கே போகும். கட்டாவிட்டால் அதற்கு இன்னொரு தடை. ஒரு பூட்டைத் திறந்து இன்னொன்றைப் போட்டுக்கொள்வது மாதிரி.

அதற்குப் பதிலாக, டிக்கெட்டில் எந்த ஊர் கோர்ட் என்று போட்டிருக்கும், அங்கே போன் பண்ணு. நியூயார்க் நகரத்துக்குள் வாங்கிய டிக்கெட் என்றால் அது தனி அலுவலகத்துக்குப் போகும், அங்கே பேரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. என் நாத்தனார் குவீன்ஸில் வாங்கியதற்கு அப்படித்தான் ஆயிற்று. உன்னுடையது நகரத்துக்கு வெளியே, ஏதோ ஒரு சின்ன ஊர். அந்த ஊர்க் கோர்ட்டுகள் பெரும்பாலும் சாயங்காலத்தில்தான் கூடும். நீதிபதி வக்கீலாக இருக்கவேண்டும் என்றுகூட அங்கே சட்டம் இல்லை. பகலில் போன் எடுக்கும் கிளார்க்தான் உனக்கு முக்கியமான ஆள். மரியாதையாகப் பேசு. 'குற்றமில்லை என்று பதில் கொடுக்க விரும்புகிறேன், தடையை நீக்க என்ன அனுப்பவேண்டும், அரசு வக்கீலிடம் தபாலில் பேச முடியுமா' என்று கேள். பதில் கொடுத்ததும், நீ பதில் சொல்லிவிட்டாய் என்று கோர்ட் நியூயார்க் மோட்டார் வாகனத் துறைக்குத் தெரிவிக்கும். நீ அந்தத் துறைக்கு ஒரு தடைக்கு 70 டாலர் வீதம் கட்டவேண்டும். இரண்டும் ஆனால்தான் தடை நீங்கும். கோர்ட் வேறு, மோட்டார் வாகனத் துறை வேறு, ஒன்றில் கட்டியதை மற்றதில் கட்டியதாக நினைத்துவிடாதே.

அரசு வக்கீல் இறங்கிவந்தால் வேகக் குற்றத்தைக் குறைத்து, சாலையில் வண்டி நிறுத்திய குற்றமாக மாற்றிக்கொடுப்பது அந்தப் பக்கங்களில் வழக்கம். 87இல் பறந்தவள் நின்றுகொண்டிருந்ததாகப் பதிவாகும்! சிரிக்காதே, அதில் பாயிண்ட் கிடையாது, பொறுப்புக் கட்டணமும் வராது. பழைய டிக்கெட்டுக்கு இதைக் கொடுப்பார்களா என்று நான் உறுதி சொல்லமாட்டேன். கேட்டால் நஷ்டமில்லை. கொடுக்காவிட்டால் அந்த வேகத்துக்கு அபராதம் 90இலிருந்து 300 டாலர் வரை, அதற்கு மேல் 93 டாலர் சர்சார்ஜ் என்ற கூடுதல் கட்டணம்.

உன் மைத்துனர் 'நியூயார்க் சட்டம் மாறிவிட்டது, இப்போது தடையெல்லாம் போடுவதில்லை' என்றாராமே. அவர் சொல்வதில் பாதி சரி. 2021இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அபராதப் பணம் கட்ட முடியாததற்காகத் தடை போடுவதில்லை. டிக்கெட்டுக்குப் பதிலே சொல்லாமல் இருந்தால் போடுவார்கள். உன்னுடையது அந்த இரண்டாவது ரகம்.

ஜெர்சியையும் ஒரு தடவை பார்த்துவிடு. வெளிமாநில டிக்கெட்டுக்குப் பதில் கொடுக்காதவரின் லைசன்ஸை அவரது சொந்த மாநிலமே நிறுத்தவேண்டும் என்று மாநிலங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. டிக்கெட் வாங்கிய அன்று உன் கையில் இருந்தது ஜெர்சி லைசன்ஸ். ஜெர்சியும் தன் பங்குக்குத் தடை போட்டிருந்தால், திரும்பப் பெற அங்கே தனியாக 100 டாலர். பழைய ஜெர்சி லைசன்ஸ் எண் உன்னிடம் இருக்கிறதா? உன் கடைசிப் பெயரின் முதல் எழுத்தில் தொடங்கி 14 இலக்கம் வரும். பழைய இன்சூரன்ஸ் காகிதத்தில் தேடிப் பார்.

எந்தெந்த மாநிலம் உன் பெயரை ஏற்றியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள பதிவேட்டுக்கே எழுதிக் கேட்கலாம், இலவசம்தான். நோட்டரி கையெழுத்துடன் வாஷிங்டனுக்குத் தபாலில் அனுப்பவேண்டும். உன் விஷயத்தில் மாநிலம் எது என்று தெரிந்துவிட்டதால் அதற்காகக் காத்திருக்காதே. பெயர் குழப்பம் என்றால்தான் அது உதவும். போன வருடம் எங்கள் ஆபீஸுக்கு ஒருவர் வந்தார், அவர் கால் வைக்காத மாநிலத்தில் தடை என்று வந்திருந்தது. பெயரும் பிறந்த தேதியும் வேறொருவரோடு ஒத்துப்போயிருந்தன. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட மே, ஜூன் தேதிகள்தானே நம் தலைமுறையில் பாதிப் பேருக்குப் பிறந்தநாள்! அப்பா பெயரே கடைசிப் பெயராகிவிடுவதால், குமார்களுக்கும் முருகன்களுக்கும் பஞ்சமே இல்லை.

தடை நீங்கியதும் வாய்வார்த்தையை நம்பாதே. எழுத்தில் ஒன்று வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு கவுண்டருக்குப் போ. கட்டிய ரசீது எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வை. அதுவரை வண்டியைத் தொடாதே, மாலதி. பக்கத்துக் கடைதானே என்றுகூட வேண்டாம். நியூயார்க்கில் தடையோடு ஓட்டிப் பிடிபட்டால் அது கிரிமினல் குற்றம், அபராதம் கட்டிவிட்டுப் போகிற டிக்கெட் இல்லை. கிரீன் கார்டு படிவத்தில் கைது, குற்றச்சாட்டு பற்றிக் கேட்கும் இடத்தில் அதை எழுதவேண்டிவரும். அண்ணாவிடம் உன்னை ஆபீஸுக்குக் கொண்டுவிடச் சொல். அவர் முணுமுணுத்தால், அன்று அந்தக் காகிதத்தைக் கார் டாஷ்போர்டில் போட்டுவிட்டு 'ஒன்றும் ஆகாது' என்று சொன்னவர் யார் என்று நினைவுபடுத்து.

டிக்கெட்டின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு. எழுத்து மங்கியிருந்தாலும் பரவாயில்லை, எண்ணிலிருந்து கோர்ட்டைக் கண்டுபிடித்துவிடலாம். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு வக்கீல் வேண்டுமா என்று யோசிக்கிறாய் என்று தெரியும். முதலில் கிளார்க்கிடம் நீயே பேசிப் பார். அவர் கைவிரித்தால் அந்த ஊரிலேயே இருக்கும் ஒருவரை நான் விசாரித்துச் சொல்கிறேன். எங்கள் ஆபீஸ் வக்கீலை வைக்காதே, அவருக்கு நியூயார்க்கில் வாதாட உரிமம் இல்லை.

அப்புறம், சந்திரா புளோரிடாவில் பென்சகோலாவுக்கு மாறிப் போயிருக்கிறாள், உனக்குத் தெரியுமா? யாரிடமும் சொல்லாமல் போய்விட்டாள். புது நம்பரை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், முதலில் நீ போன் போட்டுத் திட்டு, அப்புறம் நான் திட்டிக்கொள்கிறேன்.

அன்புடன்,
சுமதி